ஈரமண் ராஜா ஊருக்குப் போனார்

மார்ச் 5, செவ்வாய்

படக்கதை அத்தியாயம் 981, பென்சில் வேலை முடிந்தது. கதைக் கணக்கு எழுதும் பேரேட்டில் ஏற்றிவிட்டேன். இந்த வாரம் ராஜா செலவழித்த மண்பலகை இரண்டு. கையிருப்பு ஐந்து. நாணல் குச்சி ஒன்று முறிந்தது.

ஒரு தப்பு. ஆறாவது கட்டத்தில் ராஜாவின் இடது கையில் ஐந்து விரல். 212-ஆம் அத்தியாயத்தில் இரும்புப் பறவையோடு சண்டை போட்டபோது சுண்டுவிரல் போயிற்று. பதினைந்து வருஷமாக அந்தக் கையில் நாலுதான்.

"என்னங்க, ராஜாவுக்கு விரல் முளைச்சிருக்கு" என்றேன்.

முன்பெல்லாம் இப்படி ஏதாவது சொன்னால் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பார். "கணக்குப்பிள்ளை மட்டும் இல்லேன்னா என் மானம் கப்பலேறியிருக்கும்" என்று என்னைச் சொல்வார். இன்று காகிதத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா வரைஞ்சிருக்கானே. யாரு இது?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்று எழுதுகிறேனே தவிர, நினைக்கவில்லை.

ரப்பரை எடுத்து அந்த விரலை நானே அழித்தேன்.

மார்ச் 6, புதன்

எட்டு மாதமாக வைத்தியம். மூளை சுருங்குகிறதாம். தண்ணீரில் போட்ட துணி சுருங்கிவிட்டது என்பது போலச் சொல்கிறார் மருத்துவர். இவருக்கு ஐம்பத்தெட்டு வயசுதான். "எதை மறக்கிறார், எதை மறக்கலைன்னு தினமும் எழுதி வைங்கம்மா" என்றார். எழுதச் சொன்னால் எனக்குக் கணக்காகத்தான் வரும்.

மறந்தது: அடுப்பை அணைக்க. குளியலறை எந்தப் பக்கம் என்று. தன் அம்மா காலமானதை (மறுபடி சொன்னேன், மறுபடி புதுசாக அழுதார், இனி கேட்டால் வெளியே போயிருக்கிறார்கள் என்று சொல்லப்போகிறேன், ஆண்டவன் இந்தப் பொய்யைப் பொறுத்துக்கொள்ளட்டும்). என் பெயர். பெயர் போயும் 'கணக்குப்பிள்ளை' மட்டும் மிச்சமிருக்கிறது.

மறக்காதது: ராஜா.

ராஜா கதையைக் கேட்டால் ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார். நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஆண்ட ஷுல்கி. நிஜமாகவே இருந்தவன். நிப்பூர் என்ற நகரத்திலிருந்து ஊர் என்ற நகரத்துக்கு ஓடிப்போய், அன்றைக்கே ஓடித் திரும்பிவந்தேன் என்று மண்பலகையில் எழுதவைத்துப் பீற்றிக்கொண்டவன். வழியெல்லாம் தங்குமடம் கட்டினவன். இதை ஏதோ பழைய புத்தகத்தில் படித்துவிட்டுத்தான் இவர் தூரிகையை எடுத்தார். இவர் கதையில் அந்த ராஜா களிமண்ணுக்குள் தூங்கி, இந்தக் காலத்தில் கண் விழிக்கிறார். ரயிலை முந்தி ஓடுகிறார். ஈரமண் பலகையில் குச்சியால் எதை எழுதினாலும் அது நடக்கிறது. 'ஈரமண் ராஜா', பத்தொன்பது வருஷம், வாரம் தவறாமல்.

மண் காயும்வரைதான் எழுதினது பலிக்கும் என்ற விதி நான் போட்டது. எல்லையில்லாத சக்தி ஆண்டவனுக்கு மட்டும் இருக்கட்டும், மனுஷப் பயலுக்கு வேண்டாம் என்று சண்டை பிடித்தேன். ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கதையே சூடு பிடித்தது என்று அவரே பல பேரிடம் சொல்லியிருக்கிறார்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, அந்த நட்சத்திரத்தை. அந்தக் காலத்து எழுத்தில் தெய்வத்தின் பெயருக்கு முன்னால்தான் நட்சத்திரக் குறி போடுவார்களாம். இந்த ராஜா உயிரோடு இருக்கும்போதே தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டானாம். இவரும் ராஜா பெயர் வரும் இடமெல்லாம் சின்னதாக ஒரு நட்சத்திரம் வரைவார். "நான் போடலை, அவன் போட்டுக்கிட்டான்" என்பார். என் பேரேட்டில் ஒரு தடவைகூட நான் அதைப் போட்டதில்லை. மனுஷன் மனுஷன்தான்.

மார்ச் 8, வெள்ளி

பத்திரிகையிலிருந்து ஃபோன். புதிதாகச் சேர்ந்திருக்கிற உதவி ஆசிரியை.

"மேடம், ராஜா ஊர்லேர்ந்து கிளம்பினார்னு இருக்கு. எந்த ஊர்லேர்ந்து?"

"ஊர்லேர்ந்து."

"அதான் மேடம். ஊர் பேரு?"

"ஊருதாம்மா பேரு."

காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. அப்புறம், "மேடம், சார் பக்கத்துல இருந்தா அவர்கிட்ட கொடுங்களேன்" என்றாள் பாவம்.

அங்கே யார் புதிதாக வந்தாலும் இந்தக் கேள்வி வரும். முன்பு இவர் ஃபோனை வாங்கிச் சொல்வார்: "நிப்பூருன்னா நிக்கிற ஊரு. இன்னொண்ணு வெறும் ஊரு. ராஜா ரெண்டுக்கும் நடுவுல நிக்காம ஓடறாரு, அவ்வளவுதாம்மா கதை." ஃபோனை வைத்துவிட்டு அதை அப்படியே இவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"நல்லாருக்கே! யாரு சொன்னது?"

மார்ச் 10, ஞாயிறு

அவர் கண்ணாடி அரிசி டப்பாவுக்குள் இருந்தது.

மார்ச் 12, செவ்வாய்

பத்திரிகை ஆசிரியர் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் இத்தனை மாதம் மூடி மறைத்ததெல்லாம் பத்து நிமிஷத்தில் வெளிச்சமாகிவிட்டது. இவர் அவரைப் பார்த்து, "கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தீங்களா?" என்று கேட்டார்.

நல்ல மனுஷர். கண் கலங்கினார். ஆனாலும் வந்த வேலையைச் சொல்லாமல் போகவில்லை. "அம்மா, நாலு வாரத்துல ராஜாவை முடிச்சிடலாம். மரியாதையா முடிச்சிடலாம். அதுக்குமேல இவரை வதைக்கக் கூடாது."

சரி என்றேன்.

அவர் போனபின் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். இவர் வந்து கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"கணக்குப்பிள்ளை. முடிஞ்சுதுன்னா ராஜா எங்க போவாரு?"

எனக்கு அழுகையும் எரிச்சலுமாக இருந்தது. கையில் ஈரப் போர்வை, பிழிய ஆளில்லை. "எங்க போவாரு? எல்லாரும் கடைசியில எங்க போறாங்களோ அங்கதான். அவர் ஊருக்கு" என்றேன்.

"ஆமால்ல?" என்றார். முகம் தெளிந்துவிட்டது. மாடி அறைக்குப் போய் 982-ஐ வரைய உட்கார்ந்தார். ஒரு விரல்கூடத் தப்பில்லை.

மார்ச் 14, வியாழன்

காலை 6.40.

அந்த நேரத்தை மட்டும் எழுதிவிட்டு ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

பிரார்த்தனையில் இருந்தேன். கண் மூடியிருந்தது. பின்னால் வந்து நின்றது தெரிந்தது. "கணக்குப்பிள்ளை, ஊருக்குப் போயிட்டு இன்னிக்கே வந்துடறேன்" என்றார். தெளிவாகக் கேட்டது. நான் கண்ணைத் திறக்கவில்லை. பிரார்த்தனையை நடுவில் முறிக்கக் கூடாது. முப்பது வருஷத்தில் ஒரு நாள் முறித்ததில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தலையை மட்டும் ஆட்டினேன். மாடிக்குப் போவதைக்கூட இப்போதெல்லாம் ஊருக்குப் போகிறேன் என்பாரே, அப்படித்தான் என்று.

கதவுச் சத்தம் கேட்டது. அதற்கும் திறக்கவில்லை.

முடித்துவிட்டு எழுந்தபோது 6.48. எட்டு நிமிஷம். தெருவில் இல்லை. தெருமுனையில் இல்லை. மருந்துக்கடை, பள்ளிக்கூட வாசல், பஸ் நிறுத்தம், எங்கும் இல்லை. செருப்பு வாசலிலேயே இருக்கிறது. எட்டு நிமிஷத்தில் ஐம்பத்தெட்டு வயசுக்காரர் எங்கே போய்விட முடியும்?

வெளிக்கதவுக்கு மேலே ஒரு பூட்டு போடச் சொல்லி மருத்துவர் தலைதலையாய் அடித்துக்கொண்டார். வீட்டுக்காரரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவதா என்று எனக்கு மனசு வரவில்லை.

காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டவர் கேட்டார்: "கடைசியா என்ன சொன்னாரு?"

"ஊருக்குப் போறேன்னு."

"அப்புறம் என்னம்மா? சொல்லிட்டுத்தானே போயிருக்காரு. ஊருல சொந்தக்காரங்களுக்கு ஒரு ஃபோன் போடுங்க."

கொழுந்தனார் உடனே சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். அண்ணன் தம்பி பிறந்து வளர்ந்த இடம், பஸ்ஸில் ஐந்து மணி நேரம். "அண்ணி, அழாதீங்க. பழைய ஞாபகத்துல அங்கதான் போயிருப்பாரு. கையோட கூட்டிட்டு வரேன்."

ஆண்டவனே, நான் உன்னிடம்தானே உட்கார்ந்திருந்தேன்? அந்த எட்டு நிமிஷம் உன்னிடம்தானே?

மார்ச் 15, வெள்ளி

காணவில்லை நோட்டீஸுக்கு எழுதிக் கொடுத்தது: நீலக் கட்டம் போட்ட சட்டை. மூன்றாவது பொத்தான் வெள்ளை நூலில் தைத்தது (கறுப்பு நூல் தீர்ந்திருந்தது). சாம்பல் நிற பேண்ட். வெறுங்கால். கண்ணாடி இல்லை. சட்டைப் பையில் பென்சில் ஒன்று. அடையாளம்: வலது நடுவிரலில் மைக் கறை, கழுவினாலும் போகாது.

அச்சுக்கடைக்காரர், "இவ்வளவு வேணாம்மா, உயரம், நிறம் போதும்" என்றார். உயரம் எனக்குத் தெரியவில்லை. முப்பது வருஷம். பேரேட்டில் ராஜாவின் உயரம் இருக்கிறது. இவருடையது இல்லை.

கொழுந்தனார் ஃபோன். ஊரில் யாரும் பார்க்கவில்லை. பழைய வீடு இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்களாம். இன்னும் ஒரு நாள் இருந்து அக்கம்பக்கத்துக் கிராமங்களில் தேடுகிறேன் என்றார்.

மார்ச் 16, சனி

மாத்திரை, தவறியது ஐந்து வேளை.

மகள் வந்துவிட்டாள். பத்து மணி நேர ரயில் பயணம், பல்கூடத் தேய்க்காமல் நேரே காவல் நிலையத்துக்குப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடம் எல்லாவற்றையும் கேட்டாள். சொன்னேன். மறைக்கவில்லை.

"கண்ண மூடிட்டா இருந்தே?"

"பிரார்த்தனையில..."

"அப்பா பின்னால நின்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. ஒரு தடவை திரும்பிப் பாத்திருக்கலாம்லம்மா? சாமி எங்கயும் போகாதுல்ல? அவர்தானே போவாரு?"

அவளே பிறகு வந்து மடியில் தலை வைத்துக்கொண்டாள். தலை வாரிவிட்டேன். சிக்கு விழுந்திருந்தது.

மத்தியானத்திலிருந்து மழை. பருவம் தப்பின மழை, விடாமல் கொட்டுகிறது. ஏன் இப்ப? இப்ப ஏன்? அந்த மனுஷன் எந்த மரத்தடியில நிக்கிறாரோ, செருப்புகூட இல்லியே. மழையையாவது நிறுத்தக் கூடாதா? அதுகூட உன்னால முடியாதா? அப்ப நீ எதுக்கு? எதுக்குன்னு கேக்கறேன்!

எழுதிவிட்டேன். அடிக்கப்போவதில்லை. அப்படியே இருக்கட்டும்.

இன்று காலை பிரார்த்தனைக்கு உட்காரவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

காலையில் ஃபோனில் 982-இன் புரூஃப் வந்தது. அந்த உதவி ஆசிரியைதான். விஷயம் தெரியாமல் அனுப்பியிருக்கிறாள். கடைசிக் கட்டம், ராஜா வெறுங்காலோடு வாசலைத் தாண்டுகிறார். பலூனில் இவர் கையெழுத்து: 'ஊருக்குப் போயிட்டு இன்னிக்கே வந்துடறேன்.' பக்கத்தில் சிவப்பு மையில் அவள் கேள்வி:

எந்த ஊர்? பெயர் சேர்க்கவும்.

எந்த ஊர்.

எந்த ஊர், எந்த ஊர் என்று நானே சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் போல. மகள் ஓடி வந்தாள். மூன்று நாளாக ஒருத்தருக்கும் இது தோன்றவில்லையே! பத்தொன்பது வருஷமாக ஊரெல்லாம் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்ன எனக்குத் தோன்றவில்லையே! துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு கேட்டாரே. அவர் ஊருக்கு என்று சொன்னது நான். நான்தான் அனுப்பியிருக்கிறேன். நானே வழி சொல்லி அனுப்பிவிட்டு நானே நோட்டீஸ் அடித்திருக்கிறேன்.

பேரேட்டை எடுத்தேன். முதல் நோட்டு, பக்கம் 4. அந்த நாளில் எழுதின குண்டுக் கையெழுத்து:

நிப்பூர், ராஜா இருக்கும் மாளிகை. மாதிரி: நம் வீட்டு மாடி.
முதல் தங்குமடம். மாதிரி: ரயில்வே கேட் அருகே, மூடின பெட்ரோல் பங்க்.
இரண்டாம் தங்குமடம். மாதிரி: மர அறுவை மில்.
மூன்றாம் தங்குமடம். மாதிரி: பாலத்து முனை பஸ் நிழற்குடை.
ஊர், படிக்கட்டுக் கோபுரம். மாதிரி: ஆற்றுக்கு அக்கரை, செங்கல் சூளை. பஸ்ஸிலிருந்து பார்த்து வரைந்தது.

"அம்மா, இது கதைம்மா" என்றாள் மகள்.

"உங்கப்பாவுக்கு இப்ப அது ஒண்ணுதான் கதையில்ல" என்றேன்.

வாடகை வண்டி பிடித்தோம். பெட்ரோல் பங்கில் நாய்கள்தான். அறுவை மில்லில் காவலாளி நோட்டீஸைப் பார்த்துவிட்டு, "ஆமா, வியாழக்கிழமை சாயந்திரம். தண்ணி கேட்டாரு. காலெல்லாம் ரத்தம். இங்கயே படுத்துக்கோங்கன்னேன், காலையில பாத்தா ஆளக் காணோம்" என்றான். மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விடவேயில்லை.

பாலத்தில் தடுப்பு போட்டிருந்தார்கள். மழைத் தண்ணீர் பாலத்துக்கு மேலே ஓடுகிறது. நடந்தாவது போகிறோம் என்று கெஞ்சினேன். "தண்ணி வடியணும்மா, நாளைக்குப் பாக்கலாம்" என்றார் போலீஸ்காரர். நிழற்குடையில் நின்று அக்கரையைப் பார்த்தேன். மழையில் சூளை ஒரு கறுப்புப் பொட்டாகத் தெரிந்தது. படிபடியாக. இவர் வரைந்த மாதிரியே.

அங்கே இருந்தால் மூன்று நாள் ஆயிற்று. இல்லாவிட்டால்... பேரேட்டில் அதற்கு மேல் பக்கம் இல்லை.

மார்ச் 18, திங்கள்

பாலம் ஒன்பது மணிக்குத் திறந்தார்கள். சூளைக் கொட்டகை வாசலில் ஒரு பெண் சேறு தள்ளிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றி நின்றாள்.

"நீங்கதான் அந்த நிப்பூர்க்காரங்களா?"

சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரிங்கக்கா, உசுரோடதான் இருக்காரு. வெள்ளிக்கிழமை வந்தாரு. எந்த ஊருன்னு கேட்டா நிப்பூருங்கறாரு. எல்லா பஸ்காரனையும் கேட்டாச்சு, அப்படி ஒரு ஊரே இல்லைங்கறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம்னா பாலத்தை அடைச்சிட்டாங்க. ஏன்க்கா, இப்படிப்பட்டவரைத் தனியா விடலாமா?"

விடலாமா என்று கேட்டாள். தலை குனிந்துகொண்டேன்.

"வந்ததும் வராததுமா, சுடாம காயப்போட்ட பச்சைக்கல்லு மேலெல்லாம் குச்சியால எழுத ஆரம்பிச்சுட்டாரு. வெயில்ல முதுகொடிய அறுத்த கல்லு! ஒரு அதட்டு போட்டேன். 'நான் ராஜா'ங்கறாரு. எங்க வீட்டுக்காரரு பேரும் ராஜாதான், அவரையே அதட்டறவ நான்னேன். அதுக்கப்புறம் நான் சொன்ன பேச்சுக் கேட்டாரு."

சாக்குப் படுக்கையில் கிடந்தார். காய்ச்சல் கொதிக்கிறது. இரண்டு காலிலும் பழந்துணி சுற்றியிருந்தார்கள். மகள் "அப்பா அப்பா" என்று காலைக் கட்டிக்கொண்டாள். நான் பக்கத்தில் போய், "என்னங்க" என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தார்.

"நிப்பூர்லேர்ந்து வரீங்களா?"

"ஆமாங்க."

"எழுதினேன்ல. அதான் வந்திருக்கீங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

காய்ச்சல் பேச்சு. 'வரீங்களா' என்றார். என்னை. நீங்க என்று.

மார்ச் 20, புதன்

நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது. கால் புண்ணில் சீழ். பிழைத்துவிடுவார் என்கிறார்கள், அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். என்னைப் பார்த்து "சிஸ்டர், ஊசி வேணாம்" என்கிறார்.

மார்ச் 23, சனி

"நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. யோசித்து யோசித்து, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து, அழுதுவிட்டார்.

"கணக்குப்பிள்ளைங்க" என்றேன்.

"அப்படியா? எந்தக் கடையில?" என்றார்.

அந்தப் பெயரும் போயிற்று. அங்கேதான் எங்கேயோ விழுந்திருக்கிறது. பாலத்திலோ, அறுவை மில்லிலோ. அவரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். என்னைத் தேட எந்த நோட்டில் பார்ப்பேன்?

மார்ச் 26, செவ்வாய்

ஆசிரியர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். 983-ஓடு நிறுத்திக்கொள்ளலாம், அதற்குப் பழைய கோபுரப் படம் ஒன்றையே போட்டுக்கொள்கிறேன், கீழே ஒரு வரி மட்டும் நீங்கள் எழுதித் தாருங்கள் என்றார்.

'ராஜா ஊர் போய்ச் சேர்ந்தார்' என்று எழுதினேன். எழுதினதைப் படித்துப் பார்த்தேன். கட்டிலில் இவர் மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறார், நான் போய்ச் சேர்ந்தார் என்று எழுதுகிறேன்! அடித்து அடித்துக் காகிதமே கிழிந்துவிட்டது. வேறு காகிதம் வாங்கி, 'ராஜா ஊர் வந்து சேர்ந்தார்' என்று எழுதிக் கொடுத்தேன்.

பேரேட்டில் 983-க்குக் கீழே இரட்டைக் கோடு போட்டேன். கையிருப்பு மண்பலகை நாலு. அப்படியே நிற்கும்.

ஏப்ரல் 8, திங்கள்

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். தூரிகையைக் கையில் கொடுத்தால் அதால் காது குடைகிறார். மகள் லீவு முடிந்து கிளம்பிவிட்டாள், போகும்போது கதவுக்கு மேலே பூட்டு மாட்டிவிட்டுப் போனாள். நான் தடுக்கவில்லை.

என்னை எதற்கெடுத்தாலும் நீங்க, வாங்க, உங்களுக்குச் சிரமம் என்கிறார். முப்பது வருஷம் வாடி போடி என்றவர். இந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

பிரார்த்தனையை மறுபடி தொடங்கியிருக்கிறேன். கண்ணைத் திறந்துகொண்டு. அவர் நாற்காலி தெரிகிற மாதிரி திரும்பி உட்கார்ந்துகொண்டு. ஆண்டவனுக்கு ஆட்சேபம் இருந்தால் சொல்லட்டும். இன்று இரண்டு தடவை நடுவில் எழுந்தேன்.

ஏப்ரல் 15, திங்கள்

மாத்திரை, தவறியது இல்லை. வேறு எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

மத்தியானம் சூளைக்காரப் பெண் வந்தாள். நோட்டீஸில் இருந்த முகவரியைக் கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள். இடுப்பில் ஒரு சாக்குப் பை.

"ஐயா எப்படி இருக்காரு? ராஜா, என்னைத் தெரியுதா?" என்று உரக்கக் கேட்டாள். இவர் கும்பிட்டார்.

பையிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்துத் தரையில் வைத்தாள். நல்ல சிவப்பு. "நேத்துதான் சூளை பிரிச்சோம். இவரு எழுதின கல்லு அம்பது இருக்கும்க்கா, மழையில எல்லாம் கரைஞ்சு சேறாப் போச்சு. இது ஒண்ணு தார்ப்பாய்க்கு அடியில இருந்து தப்பிச்சு, மத்த கல்லோட சூளைக்குள்ள போயிருக்கு. எழுத்து போட்ட கல்லை யாரு வாங்குவா? அதான் எடுத்தாந்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது. என்னதான் எழுதியிருக்காரு?"

இவர் பலூனுக்குள் எழுதுகிற அதே எழுத்து. கொஞ்சம் கோணல். முதலில் ஒரு சின்ன நட்சத்திரம். பிறகு:

கணக்குப்பிள்ளை வருவாள்.

ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டு அவளுக்குப் படித்துச் சொன்னேன்.

சொன்ன பிறகு ஒன்று கேட்டேன். "பச்சைக்கல்லு எத்தனை நாளைக்கு ஈரமா இருக்கும்?"

"வெயிலடிச்சா ரெண்டு நாளு. அந்த மழைக்கு நாலஞ்சு நாளானாலும் காயாதுக்கா. ஏன்?"

வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள்.

ஒன்றுமில்லை என்றேன். அந்த மழையை நான் என்னென்ன சொன்னேன் என்பது இதே நோட்டில்தான் இருக்கிறது.

அவள் தேநீர் குடித்துவிட்டுப் போன பிறகு, ஒரு ஆணியை எடுத்து அந்த நட்சத்திரத்தை மட்டும் சுரண்டப் பார்த்தேன். ராஜாவுக்கே நான் போடாதது, எனக்கா? சுட்ட மண். ஒரு துகள் வரவில்லை. விட்டுவிட்டேன். என்னைவிடக் கணக்கு தெரிந்தவன் மேலே இருக்கிறான், இதை எந்தப் பக்கத்தில் ஏற்றுவது என்று அவன் பார்த்துக்கொள்ளட்டும்.

செங்கல்லைத் துடைத்து, வாசல் பெஞ்சில் அவர் பக்கத்தில் வைத்தேன். கையால் தடவிப் பார்த்தார். குனிந்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். "கணக்குப்பிள்ளை... வருவாள்."

தெருவைப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் பார்த்தார்.

"எப்ப வருவாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"வந்துடுவாங்க."

"சரி" என்றார். பிறகு செங்கல்லை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நகர்ந்து, பெஞ்சில் இடம் விட்டார். "அவங்க வர்ற வரைக்கும் நீங்க இப்படி உக்காருங்களேன். எவ்வளவு நேரம்தான் நிப்பீங்க?"

உட்கார்ந்தேன்.